நினைவுத்தூணா, விசுவாசச் சான்றிதழா?

நாட்டில் முஸ்லிம்களின் கடைகளுக்கு நெருப்பு வைக்கப்படும் ஒவ்வொரு முறையும் நாம் ஒரு பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வருகிறோம். 2014 ஜூனில் அளுத்கமைக்குப் பிறகு அது வாசிக்கப்பட்டது. 2018 மார்ச்சில் திகனைக்குப் பிறகும் வாசிக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 21இன் பின்னர் மூச்சு விடாமல் வாசிக்கப்பட்டது. டீ.பி. ஜாயா சுதந்திரத்துக்குத் துணை நின்றார், ராசிக் பரீத் 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தை ஆதரித்தார், எங்கள் பிள்ளைகளும் படையில் சேர்ந்து உயிர் கொடுத்தார்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். தலைவர்களின் பெயர்கள் மேலே இருக்கும். அவர்களைக் கொண்டு முடியாமற் போனால் கடைசியில் படைவீரனைக் கொண்டுவந்து நிறுத்துவோம். இறந்தவன் ஆயிற்றே, அவன் மறுத்துப் பேசப்போவதில்லை.

இந்தப் பட்டியலுக்குக் கல்லில் ஓர் உருவம் கொடுக்க வேண்டும் என்ற பேச்சும் நம்மிடையே அவ்வப்போது எழுகிறது. நமது சமூகத்திலிருந்து, குறிப்பாக மலாய்ச் சகோதரர்களிலிருந்து, படைக்குப் போனவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் வேண்டும், அதைத் திறந்து வைக்க ஓர் அமைச்சரை அழைக்க வேண்டும், மும்மொழியிலும் பெயர்ப்பலகை வைக்க வேண்டும் என்கிறார்கள். நினைவுச்சின்னம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அது யாரைப் பார்த்து நிற்கப் போகிறது என்பதில்தான் என் சண்டை. வாசலில் நின்று வருவோர் போவோரிடம் 'நாங்களும் விசுவாசமானவர்கள்தான்' என்று சொல்லிக் கொண்டிருப்பதற்காக ஒரு கல்லை நடுவதாயின், அந்தக் கல் இறந்தவனுக்கானது அல்ல. உயிரோடிருக்கும் நமது அச்சத்துக்கானது.

மலாய்ப் படையினரின் கதையை எடுத்துக்கொள்வோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்த நாட்டிலுள்ள மலாய் மக்கள் 44,130 பேர். இந்தச் சிறு சமூகத்தின் வரலாறு பெரிதும் ஒரு படையின் வரலாறுதான். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் அயலிலுள்ள தீவுகளிலிருந்தும் சிப்பாய்களாகவும் நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தவர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்கள் இவர்கள். 1796இல் கரையோரம் ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது எசமானும் மாறினான், துப்பாக்கி மாறவில்லை. மலாய்ப் படை பிரித்தானிய மன்னரின் படையாகியது, 1827இல் இலங்கை ரைபிள் படையாகியது, 1873இல் கலைக்கப்பட்டது. கலைக்கப்பட்டபின் பொலிசுக்கும் தீயணைப்புப் படைக்கும் தோட்டங்களுக்கும் சிதறிப் போனார்கள்.

இந்த வரலாற்றில் நமது மேடைப் பேச்சாளர்களுக்கு மிகவும் பிடித்த பெயர் கப்டன் நூர்தீன். 1803இல் கண்டியைப் பிடிக்கப்போன ஆங்கிலேயப் படை நோயிலும் முற்றுகையிலும் சிக்கி, மேஜர் டேவியின் தலைமையில் சரணடைந்தது. அந்தப் படையில் மலாய்ச் சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கியவர் நூர்தீன். கண்டி மன்னன் அவரை அழைத்துத் தன் சேவையில் சேரும்படி கேட்டான். இங்கிலாந்து மன்னருக்குச் செய்த சத்தியத்தை மீற முடியாது என்று அவர் மறுத்தார். அவரும் அவரது சகோதரரும் கொல்லப்பட்டார்கள், அடக்கம் செய்யப்படாமல் அவர்களது உடல்கள் காட்டில் எறியப்பட்டன என்று அக்கால ஆங்கிலேயப் பதிவுகள் சொல்கின்றன.

வீரம்தான். சொன்ன சொல்லுக்காக உயிரைக் கொடுத்த மனிதர்தான். ஆனால் இந்தக் கதையை 'முஸ்லிம்களின் விசுவாசம்' என்ற தலைப்பில் வாசிக்கும் நண்பர்கள் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். யாருக்கு விசுவாசம்? லண்டனில் இருந்த ஒரு மன்னனுக்கு. யாருக்கு எதிராக? இந்த நாட்டின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கு எதிராக. இன்றைய பெருந்தேசியவாதக் கணக்கில் அவன் சிங்கள மன்னன், பிறப்பில் நாயக்கன் என்பது வேறு கதை. அந்தக் கணக்குப்படி பார்த்தால் நூர்தீன் விசுவாசி அல்ல, அந்நியனின் கூலிப்படை. அவரது பெயரைக் கல்லில் செதுக்கி 'பாருங்கள் எங்கள் தேசபக்தியை' என்று காட்டினால், காட்டப்படுபவன் சிரிப்பான்.

கதை அதோடு முடியவில்லை. கண்டி மன்னனின் பக்கத்திலும் மலாய்ப் படையினர் இருந்தார்கள். சரணடைந்த சிப்பாய்களில் பலர் மன்னனின் சேவையில் சேர்ந்தார்கள். ஒரே மொழி பேசி, ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டார்கள். நமது நினைவுத்தூணில் இவர்களில் யாருக்கு இடம்? ஆங்கிலேயனுக்காக மாண்டவனுக்கா, அரசனுக்காக மாண்டவனுக்கா? விசுவாசத்தை அளவுகோலாகக் கொண்டால் இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. எந்த ஆண்டில், எந்த ஆட்சியில், யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். மாறும் விடையைக் கல்லில் வெட்ட முடியாது.

சரி, அவர் விசுவாசம் காட்டிய சாம்ராஜ்யமாவது தன் சிப்பாய்களை ஒழுங்காக எண்ணியதா? பொதுநலவாய யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழு 2021இல் தன்னைத்தானே விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. முதலாம் உலகப் போரில் சாம்ராஜ்யத்துக்காக மாண்ட ஆபிரிக்கர்களும் ஆசியர்களுமாகக் குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவேயில்லை என்று அது ஒப்புக்கொண்டது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குத் தனிக் கல், தனிப் பெயர். கறுத்த சிப்பாய்க்கு ஒரு பொதுக்குழி, அல்லது அதுவும் இல்லை. நூறு வருடம் கழித்து மன்னிப்புக் கேட்டார்கள். விசுவாசத்துக்குக் கிடைக்கும் கூலி எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

நமது காலத்துக்கு வருவோம். இராணுவப் புலனாய்வு அதிகாரி துவான் நிசாம் முத்தலிப் 2005 மே 31ஆம் திகதி கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். மலாய்ச் சமூகத்தின் மைந்தர். மரணத்தின் பின் அவருக்குக் கேணல் பதவி வழங்கப்பட்டது. ஒன்பது வருடம் கழித்து அளுத்கமை எரிந்தது. அங்கே தீ வைக்க வந்தவர்களில் ஒருவன்கூட 'இவர்களில் ஒருவர் நாட்டுக்காக உயிர் கொடுத்தவராயிற்றே' என்று கையை மடக்கிக்கொள்ளவில்லை. அவரது பெயர் தெரியாததால் அல்ல. தெரிந்திருந்தாலும் எரித்திருப்பான். ஒரு கேணலின் சாவு ஒரு தையல் கடைக்குக்கூடக் காவல் நிற்காது. அப்படி நிற்கும் என்று நம்புவது, நம்மை வெறுப்பவனுக்கு நம்மைப்பற்றிய தகவல்தான் போதவில்லை என்று நம்புவதாகும். அவனுக்குத் தகவல் தேவையில்லை.

இன்னும் ஒன்று. நூர்தீனின் உடலுக்கு 1803இல் கபுறு மறுக்கப்பட்டது. 2020இல் இந்த நாட்டின் முஸ்லிம்களுக்கு மறுபடியும் கபுறு மறுக்கப்பட்டது. கொவிட் தொற்றால் இறந்தவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று சொல்லி, உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொன்ன பின்னரும், ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டி அழுதார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் வர்த்தமானி மாற்றப்பட்டது. அதன்பின் ஓட்டமாவடியின் மஜ்மா நகர் மண் அந்த உடல்களை ஏற்றுக்கொண்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அந்தப் பத்து மாதங்களிலும் நமது பட்டியல் எங்கே போயிற்று? படைவீரர்களின் பெயர்கள் ஒரு ஜனாஸாவையாவது அந்த உலையிலிருந்து மீட்டனவா? ஆறடி மண் என்பது விசுவாசத்துக்குப் பரிசாகக் கிடைப்பதல்ல. அது மனிதனின் உரிமை. உரிமையைப் பரிசாகக் கேட்கப் பழகியவனுக்கு ஒருநாள் பரிசும் கிடைக்காது, உரிமையும் கிடைக்காது.

இனி, பட்டியலில் சேராதவர்களைப் பற்றிப் பேச வேண்டும். நினைவுச்சின்னம் கேட்பவர்கள் அதிகம் பேச விரும்பாத இடம் இதுதான்.

கிழக்கிலும் எல்லைக் கிராமங்களிலும் ஊர்காவல் படையில் இருந்தவர்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் புலிகளால் சுடப்பட்டார்கள். அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். இரவில் பிள்ளைகளைப் பள்ளிவாசலுக்குள் தூங்க வைத்துவிட்டு, அரசு கொடுத்த துவக்கோடு வேலிக்கருகில் விழித்திருந்த மனிதனை நான் எப்படிக் குறை சொல்வேன்? அவனுக்கும் ஒரு நினைவு வேண்டும். முப்படையினருக்கு உள்ள மதிப்பு அவனுக்குக் கிடைக்கவில்லை. அவனது விதவை யாருடைய மேடையிலும் ஏற்றப்படவில்லை.

ஆனால் 1992 ஏப்ரல் 29ஐயும் நாம் மறக்கக் கூடாது. பொலன்னறுவை மாவட்டத்தின் அழிஞ்சிப்பொத்தானையில் முஸ்லிம்கள் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அதே நாளில் அயலிலுள்ள முத்துக்கல், கரப்பொல ஆகிய தமிழ்க் கிராமங்களில் பெண்களும் பிள்ளைகளுமாகத் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினரின் கை இருந்ததை மனித உரிமை அறிக்கைகள் பதிவு செய்துள்ளன. காலையில் நம் பக்கத்து ஜனாஸா, அதன்பின் அவர்கள் பக்கத்துப் பிரேதம். முதலாவதை மட்டும் செதுக்கிவிட்டு இரண்டாவதை மண்ணால் மூடினால் அது நினைவு அல்ல, மறைப்பு. ஊர்காவலனைக் கௌரவிக்க விரும்பும் நாம், அவனுடைய துவக்கு எந்தத் திசையெல்லாம் திரும்பியது என்பதையும் எழுதத் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காத்தான்குடிக்கு நீதி கேட்கும் நமது குரல் பாதியில் உடைந்து போகும்.

இன்னுமொரு கூட்டம் உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் தமிழ் இயக்கங்களில் சேர்ந்த முஸ்லிம் இளைஞர்கள். தமிழ் பேசும் மக்கள் என்ற சொல்லை நம்பிப் போனவர்கள். அவர்களில் மாண்டவர்களுக்கு அரசின் தூணில் இடமில்லை. நமது பட்டியலில் நிச்சயமாக இடமில்லை. 2009க்குப் பிறகு புலிகளின் துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டபோது, அந்தத் தாய்மாருக்கு அழுவதற்கும் இடமில்லாமற் போயிற்று. அவர்களது அரசியலை நான் ஏற்கவில்லை. ஆனால் பிள்ளையின் கல்லறையை இழந்த தாயைப் பார்த்து நாம் மௌனமாக இருந்தோம். அந்த மௌனத்தின் மீது நமது நினைவுத்தூணை நட்டால் அத்திவாரம் உறுதியாக இராது.

எனக்கு வரக்கூடிய மறுப்புகள் எவை என்று தெரியும்.

'இது இக்கட்டான காலம். உங்கள் நியாயம் நல்லதுதான், ஆனால் பட்டியல்தான் நம்மைக் காப்பாற்றும்' என்பார் ஊர்ப் பெரியவர். அவரது கவலை உண்மையானது. நான் அவரிடம் கேட்பது ஒன்றுதான்: இதுவரை காப்பாற்றியிருக்கிறதா? நமது குடியுரிமைக்கு நிரூபணம் தேவை என்று நாமே ஒப்புக்கொண்ட பிறகு, எவ்வளவு நிரூபணம் போதும் என்பதை மற்றவன்தான் தீர்மானிப்பான். இன்று பத்துப் பெயர் கேட்டவன் நாளை நூறு கேட்பான்.

'தூண் எழுப்புவதும் சிலை வைப்பதும் மார்க்கத்தில் இல்லை' என்பார் ஹஸ்ரத். அவரோடு எனக்குப் பிணக்கு இல்லை. நான் சிலை கேட்கவில்லை. ஆனால் பெயர் சொல்லி நினைவுகூர்வது நமக்குப் புதியதல்ல. பத்ரில் நின்றவர்களின் பெயர்களை ஒன்றொன்றாகச் சொல்லி ஓதும் பத்ரு மௌலிது நமது ஊர்களில் எத்தனை வீடுகளில் நடந்தது! ஒரு ஹதீஸைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், அவர் எந்த ஊரவர், பொய் சொல்லாதவரா என்று மனிதர்களைத் தேடித் தேடி எழுதிய பாரம்பரியம் நம்முடையது. அந்தப் பாரம்பரியத்தின் மாணவர்கள் சொந்த ஊரில் மாண்டவனின் தகப்பன் பெயரைக்கூட எழுதி வைக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

'அரசின் துவக்கைத் தூக்கியவனுக்கு நினைவு எதற்கு?' என்பார் முற்போக்கு நண்பர். பசிக்கும் பந்தோபஸ்துக்கும் இடையில் நின்று முடிவெடுத்தவனை, வாசிகசாலையில் இருந்துகொண்டு தீர்ப்பளிப்பது சுலபம். படையைக் கொண்டாட வேண்டியதில்லை. படைக்குப் போன மனிதனை மறக்கவும் வேண்டியதில்லை. இரண்டுக்கும் இடையில் எழுத்துக்கு நிறைய வேலை இருக்கிறது.

அந்த எழுத்தைப் பற்றித்தான் இலக்கியக்காரர்களாகிய நமக்கு அதிகம் பொறுப்பு. மலாய்ப் படையினர் தங்களுக்கான நினைவுச்சின்னத்தை யாரிடமும் கேட்கவில்லை, தாங்களே எழுதிக்கொண்டார்கள். பாளையத்தில் இருந்துகொண்டு ஹிகாயத்துகளைப் பிரதி செய்தார்கள், ஷஅயிர் பாடினார்கள், பந்துன் கட்டினார்கள். 1819ஆம் ஆண்டுப் புதுவருட நாளில் கொழும்பில் மலாய்ச் சிப்பாய்களுக்கும் வங்காளச் சிப்பாய்களுக்கும் நடந்த கைகலப்பைப் பற்றி ஒரு நீண்ட ஷஅயிர் உண்டு. 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பிலிருந்து 'ஆலாமத் லங்காபுரி' என்ற பத்திரிகையை ஜாவி எழுத்தில் அச்சிட்டார். சிங்கப்பூரில் 'ஜாவி பெரனாக்கன்' வெளிவந்தது 1876இல்தான். நாம் பெருமையோடு சொல்லும் அறிஞர் சித்திலெப்பையின் 'முஸ்லிம் நேசன்' வந்தது 1882இல். அதற்குப் பதின்மூன்று வருடங்களுக்கு முன்னரே ஒரு படைச் சமூகம் இந்த மண்ணில் பத்திரிகை நடத்தியிருக்கிறது. நமது முஸ்லிம் இலக்கிய வரலாறுகளில் இதற்கு எத்தனை வரி ஒதுக்கினோம்?

படை கலைந்ததோடு அந்த எழுத்தும் மெல்ல மெல்ல வாசிப்பாரின்றிப் போயிற்று. பீ.ஏ. ஹுசைன்மியா எழுபதுகளில் வீடு வீடாகப் போய் ஏடுகளைத் தேடினார், 1990இல் 'ஒராங் ரெஜிமென்' என்ற நூலில் அந்தப் படையின் கதையை எழுதினார். ரொனித் ரிச்சி பிற்காலத்தில் மலாய்க் குடும்பங்களின் கையெழுத்துப் பிரதிகளை, பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு படமெடுத்தார். அவற்றில் மலாயோடு அரபும், அரபுத்தமிழும் கலந்து கிடக்கின்றன. அரபுத்தமிழ் என்றால் நமது சொத்து அல்லவா? வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து அலுமாரியைத் திறக்கும்வரை, பக்கத்து வீட்டில் இருந்த நாம் கதவைத் தட்டவில்லை. தூணுக்கு நிதி சேர்க்கும் அவசரம் ஏட்டுக்கு இல்லை. தூணுக்கு முன்னால் நின்று படம் எடுக்கலாம், ஏட்டுக்கு முன்னால் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதுதான் காரணம்.

கொம்பனித்தெருவும் ஒரு நினைவுச்சின்னம்தான். ஜாவா ஒழுங்கை, மலாய் வீதி, ரைபிள் வீதி என்ற பெயர்களில் அந்தப் படை இன்னும் நடந்துகொண்டிருந்தது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதே வருடம் மே மாதத்தில் மியூஸ் வீதியில் வீடுகள் இராணுவமும் பொலிசும் நிற்க இடிக்கப்பட்டன. பின்னர் ஜாவா ஒழுங்கையும் மாடிக் கட்டிடங்களுக்காக வெறுமையாக்கப்பட்டது. ஒரு காலத்தில் படையினர் குடியிருந்த பகுதியைப் படையே காவல் நின்று காலி செய்வித்தது. அப்போது 'இது எங்கள் படைவீரர்களின் தெரு' என்று எந்த மேடையிலிருந்து நாம் பேசினோம்? தெரு போனபிறகு தூண் கேட்பது, வீட்டை விற்றுவிட்டு வாசற்படியை அலங்கரிப்பது போன்றது.

ஆகவே நினைவுச்சின்னம் கேட்பவர்களுக்கு என் மாற்றுப் பிரேரணை இது. முதலில் ஒரு பதிவேடு திறப்போம். அதில் பெயர், தாய் தகப்பன், ஊர், வீட்டில் பேசிய மொழி, படைக்குப் போகுமுன் செய்த தொழில், போன காரணம், இறந்த இடம், கபுறு எங்கே, கபுறு இல்லையென்றால் ஏன் இல்லை, பின்னால் இருந்தவர்கள் எப்படிச் சீவித்தார்கள் என்பவற்றை எழுதுவோம். இராணுவத்தில் மாண்டவனையும் எழுதுவோம், ஊர்காவல் படையில் மாண்டவனையும் எழுதுவோம், இயக்கத்தில் மாண்டவனையும் எழுதுவோம். அவர்களது துவக்குக்கு முன்னால் நின்று மாண்டவர்களுக்கும் அதே பதிவேட்டில் பக்கம் வைப்போம். ஒவ்வொரு பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிடமும் ஜனாஸாப் பதிவு இருக்கும், அங்கிருந்து தொடங்கலாம். மலாய் வீடுகளில் மிஞ்சியிருக்கும் சேவைப் பத்திரங்களையும் ஏடுகளையும் பிரதி எடுத்து, ஜாவி வாசிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறையினரிடம் கேட்டுத் தமிழில் தருவோம். இந்தச் சஞ்சிகை போன்ற பக்கங்கள் அதற்குத்தான் இருக்கின்றன.

அந்தப் பதிவேடு நிறைந்த பிறகு கல் வைக்க வேண்டுமா என்று பேசலாம். வைப்பதென்றால் அமைச்சரின் வீதியைப் பார்த்து வைக்க வேண்டாம். மையவாடிக்குள், உள்முகமாக, ஃபாத்திஹா ஓதப் போகிறவர்கள் வாசிக்கும்படி வைப்போம். அதில் 'விசுவாசம்' என்ற சொல் வேண்டாம். பெயர்கள் போதும்.